பத்து நிமிட ஈரம்

பாப்பாவின் அம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. எந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காத கிருமி தொற்றிய ஒருவர் படுத்திருந்து போன கட்டிலை, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டு மீசையை முறுக்கினேன். சோதித்தால், அந்தக் கட்டிலில்தான் கிருமி உயிரோடு இருந்ததாம்!

"பளபளப்பு யாருக்கு வேணும்ணே? மருந்துத் தண்ணி பத்து நிமிஷம் ஈரமா நிக்கணும். உடனே துடைச்சா கிருமி குளிச்சிட்டுப் போயிடும்" என்றார் நர்ஸம்மா.

"அப்ப இத்தனை நாளா நான்தான் அதைக் குளிப்பாட்டி விட்டிருக்கேனா?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி துடைக்க சூப்பர்வைசர் வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். "நான் தப்பவிட்டது, நானே முடிக்கிறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டேன். கட்டில் சுத்தம் என்று தெரிந்தால்தான், ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணை அதில் படுக்க வைப்பார்கள். பாப்பா வயதுதான் இருக்கும்.

அந்தப் பத்து நிமிடம் சும்மா நிற்கும்போதுதான் வீட்டு நினைப்பு வருகிறது. பாப்பாவைக் கொஞ்சம் நீளமாக எழுதச் சொல். என் கை வெடிப்புக்குக் களிம்பு அனுப்பு.

மறுசோதனை முடிவு நாளைக்கு. கிருமி இருந்தால் மறுபடி பத்து நிமிடம் நிற்பேன். இல்லாவிட்டாலும் நிற்பேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் வீட்டுக்காரன்