கொஞ்சம் சூடு பட்டது

பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? போனில் 'சரி', 'ம்', 'வைக்கட்டுமா' தாண்டி உங்கள் வாயிலிருந்து எதுவும் வராது. அதனால்தான் கடிதம்.

மாலை வகுப்பில் ஆங்கில அணிகள் நடத்துகிறார்கள். 'போல' இருந்தால் சிமிலி, அந்தப் 'போல' இல்லாமலே ஒன்றை இன்னொன்றாகச் சொன்னால் மெட்டஃபர். ஊதிப் பெருக்கிச் சொன்னால் ஹைப்பர்போலி. டீச்சர் அதற்கு உதாரணம் கேட்டார். "என் வீட்டுக்காரர் பக்கம் பக்கமாக எழுதுவார்" என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

ஐரனிதான் மண்டையில் ஏறவில்லை. "நாற்பத்தொரு வயசுல உனக்கு எதுக்குடி பட்டம்?" என்று தையல் கூடத்தில் கேலி செய்கிறார்கள். மார்ச் 12 கடைசித் தேர்வு. ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

உங்கள் மாணவி


பிப்ரவரி 16

என் மேடத்துக்கு,

இங்கே பாதுகாப்பு அதிகாரி 'பார்த்து நட' என்ற பலகையை மாட்ட வந்தார். அந்தப் பலகையே தடுக்கி விழுந்தார். இதுதான் ஐரனி என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் வெல்டரிடம் பாடம் கேட்டது உன் குற்றம்.

கையில் கொஞ்சம் சூடு பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. பேனா சரியில்லை, எழுத்து கோணலாக இருக்கும். நன்றாகப் படி.

உன்னவன்


பிப்ரவரி 27

அன்புள்ள உங்களுக்கு,

ஐரனி சரிதான். டீச்சரே பாராட்டினார்.

இன்று அண்டர்ஸ்டேட்மென்ட். பெரியதை வேண்டுமென்றே சின்னதாக்கிச் சொல்வது. புயலில் கூரை போனவன் "கொஞ்சம் காத்து" என்கிறானாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உங்கள் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபோது 'வேலை கொஞ்சம் மந்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா இறந்தபோது 'வருத்தம்தான்' என்ற ஒரே வார்த்தை. அன்று நீங்கள் சாப்பிடவில்லை என்று உங்கள் அறை நண்பர் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது 'கொஞ்சம் சூடு'. பேனாவுக்கு ஒன்றுமில்லை. இது இடது கை எழுத்து. பத்தொன்பது வருஷமாக உங்கள் எழுத்தைப் பார்க்கிறவள் நான். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கோபப்பட மாட்டேன்.

உங்கள் மனைவி


மார்ச் 5

என் கண்ணுக்கு,

மூன்று வாரம் முன்பு காஸ் குழாய் வெடித்தது. வலது உள்ளங்கை முழுக்க வெந்துவிட்டது. இரண்டு விரல் இனி மடங்காது. "வெல்டிங் பக்கமே போகாதீங்க" என்றுவிட்டார் டாக்டர்.

சொன்னால் தேர்வை விட்டுவிட்டு ஓடி வருவாய். அதனால் மறைத்தேன். அது பாதிதான் உண்மை. கையில் தொழில் இல்லாமல் உன் முன்னால் வந்து நிற்கப் பயமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை.

தேர்வை எழுதிவிடு. மாதக் கடைசியில் வருகிறேன்.

உன்னவன்


மார்ச் 13

என் அன்பே,

படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். கோபமும் பட்டேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. பிறகு போய்த் தேர்வு எழுதினேன். பாஸாகிவிடுவேன்.

என் முன்னால் நிற்கவா பயம்? நான் கட்டிக்கொண்டது வெல்டிங்கை இல்லை.

குளியலறைத் தாழ்ப்பாளை இடது கைக்கு வாகாக மாற்றியாகிவிட்டது. உங்கள் சட்டைகளில் பொத்தான்களை எடுத்துவிட்டு, ஒரே கையால் அழுத்திப் போடுகிற பிரஸ் பட்டன் வைத்துத் தைக்கிறேன். நான்கு முடிந்தது. நீலச் சட்டைக்கு மட்டும் அளவு சரியா என்று சந்தேகம். வந்து போட்டுக் காட்டுங்கள்.

உங்களவள்