இரண்டு பெரிய கார்புரேட்டர்கள்

3 பிப்ரவரி 1963, பெருமாள்மலை

உருளைக்கிழங்கு மூட்டை அடுக்க என் வீட்டுக்காரி கந்தம்மாளுக்குக் கொட்டகை வேண்டுமாம். மூலையில் மூடியிருந்த சாக்கை விலக்கினேன். என் பழைய எம்.ஜி. காரின் ரேஸ் சாமான்கள் அப்படியே கிடக்கின்றன. பெரிய கார்புரேட்டர் இரண்டு, அகலமான சைலன்சர் குழாய். மதராஸிலிருந்து ஆசை ஆசையாக வரவழைத்தவை. அவற்றை மாட்டிய அன்று என் சிநேகிதன், பூண்டி ஊர்க்காரன் திருமலைச்சாமியும் நானும் வத்தலக்குண்டிலிருந்து மலையேறினோம். டிரைவர்கள் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். என்ன சத்தம் அது! நெஞ்சுக்குள் இன்னும் கேட்கிறது.

காரின் கூடு பழைய இரும்புக்குப் போய்விட்டது. இவற்றை மட்டும் வைத்து என்ன செய்ய? விற்றுவிடலாம்.

9 பிப்ரவரி

மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். கார்புரேட்டர் மட்டும் போதும் என்றார். பிரித்துத் தர மனம் வரவில்லை. ஏன் கார் ஓட்டுவதை விட்டீர்கள் என்று கேட்டார். முழங்காலைக் காட்டினேன். மடங்காத காலால் கிளட்சை எப்படி மிதிப்பது?

விபத்து நடந்த அன்று ஓட்டியது திருமலைச்சாமி. அதைச் சொல்லவில்லை. மழையில் சறுக்கியது; யார் ஓட்டியிருந்தாலும் சறுக்கியிருக்கும். என்னைத் தோளில் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன், பிறகு எட்டியே பார்க்கவில்லை. ஐந்து வருஷம். கால் போனதைவிட அதுதான் — சரி, போகட்டும்.

16 பிப்ரவரி

சாமான் வாங்க ஆள் வந்திருப்பதாகக் கந்தம்மாள் சொன்னாள். போய்ப் பார்த்தால் திருமலைச்சாமி. தலை பாதி நரைத்திருக்கிறது. அவனும் பழைய எம்.ஜி. ஒன்று வாங்கியிருக்கிறானாம், மேட்டில் இழுக்கவில்லையாம். கார்புரேட்டரைத் தடவிக்கொண்டே இருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏலே, சாமான் வாங்கத்தான் இந்த வாசல் தெரிஞ்சுச்சா?"

"நீ நடக்கிறதப் பாக்கத் தெம்பில்ல குருநாதா. விக்கிறன்னு கேள்விப்பட்டேன். வேத்தாளு கைக்குப் போயிறக்கூடாதுன்னு ஓடியாந்தேன்."

கந்தம்மாள் இரண்டு டம்ளர் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

20 பிப்ரவரி

கொட்டகை நிறைய உருளைக்கிழங்கு. எனக்கு என்னவோ வெறிச்சென்று இருக்கிறது.

3 மார்ச், ஞாயிறு

வெள்ளனே வாசலில் ஹாரன். திருமலைச்சாமி. எல்லாம் மாட்டிவிட்டானாம், இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகவில்லையாம், நான் வந்து சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான். நான் காலை நீட்டிக்கொள்ள சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருந்தான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றினோம். நடுநடுவே நிறுத்திக் கார்புரேட்டர் திருகாணியைச் சரிசெய்தேன். மூன்றாம் தடவை சீறிக்கொண்டு கிளம்பியது. இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

"மேலெல்லாம் பெட்ரோல் நாத்தம்," என்றாள் கந்தம்மாள். வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குளிக்கிறேன் என்றேன்.