உன் விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று முடிவு செய்துவிட்டார்கள்

என் சாமி செந்திலு,

நீ ஏறிய விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று போன ஞாயிற்றுக்கிழமை ஃபேர்லேண்ட்ஸில் நம் வீட்டு ஹாலில் முடிவு செய்துவிட்டார்கள். நான்கு வருடமாக எந்த நாட்டு அரசாங்கத்தாலும் முடியாத காரியம். உன் மாமனாரின் அண்ணன், உன் மனைவி மலர்க்கொடியின் பெரியப்பா, ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டார்.

இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் அச்சில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஒன்று கம்ப்ரெசர் கெட்டு நிற்கிறது என்று திருச்செங்கோட்டிலிருந்து உன்னை அனுப்பினார்கள். ஏறுவதற்கு முன்னால் போன் செய்தாய். "ஜன்னலோரம் குடுத்துட்டானுங்கக்கா, கீழ பாக்காம எப்படி உக்கார்றது?" என்று சிரித்தாய். கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. அதோடு சரி. இறக்கையில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

நம் ஜில்லாவில் விமானப் பொறியியல் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பால்காரருக்குப் பைலட் மேல் சந்தேகம். எதிர்வீட்டு ஆசிரியர், ஏதோ ஒரு நாட்டு ராணுவம் தவறிச் சுட்டுவிட்டு மறைக்கிறது என்றார். யூடியூபில் ஒருவன் பயணிகளின் இருக்கைப் படத்தைக் காட்டி, உன் இருக்கையைச் சிவப்பில் வட்டமிட்டு, இந்த மெக்கானிக் யார் என்று கேட்டான். கேட்டுவிட்டு, மறக்காமல் பெல் பட்டனை அழுத்தச் சொன்னான்.

நம் சித்தப்பா மகன் தங்கவேலு சங்ககிரியில் லாரி வைத்திருக்கிற புத்தியோடு யோசித்தான். "என்ற லாரி டீ குடிக்க நின்னாலே போன்ல காட்டுதுங்கக்கா. இத்தாப்பெரிய பிளேனைக் காணோம்னா நம்பறதுக்கு நானென்ன கேனையனா? எங்கியோ தீவுல எறக்கி வெச்சிருக்கானுங்க." அவனுடைய டிரைவரே லாரியின் ஜி.பி.எஸ். கருவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்ட கதையை நமக்குச் சொன்னவனும் அவன்தான். விமானத்திலும் அப்படி ஒரு ஒயர் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவர்களைக் கேலி செய்ய எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், நானும் படித்தேன். சரக்கு அறையில் பேட்டரிகள் தீப்பிடித்தால் எவ்வளவு நேரத்தில் புகை பரவும் என்று படித்தேன். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் எல்லோரும் மயங்கிவிடுவார்கள், எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகவே பறந்துகொண்டிருக்கும் என்று படித்தேன். கடைசியில் வந்த விசாரணை அறிக்கை, காரணம் தெரியவில்லை என்பதைப் பல நூறு பக்கங்களில் சொன்னது. அதையும் விடாமல் படித்தேன்.

படித்துவிட்டு எனக்கென்று ஒரு கதை வைத்துக்கொண்டேன். உடைந்த துண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே விமானம் உடையவில்லை. ஆகவே யாரோ அதைத் தண்ணீரில் பதமாக இறக்கியிருக்கிறார்கள். தங்கவேலுவின் தீவுதான் இது. எனக்குப் படிப்பு இருந்ததால் என் முட்டாள்தனத்துக்கு அடிக்குறிப்பு போட முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வருடம் ஆனபோது மலர் என்னிடம் கேட்டாள். "தர்ப்பையில உருவம் செஞ்சு கருமாதி பண்ணலாமாமுங்கக்கா. பண்ணீரலாமுங்களா?" பெரியப்பா குதித்தார். உயிரோடு இருக்கிறவனுக்கா என்றார். நானும் தலையாட்டினேன். என் கதை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எப்படி இருந்தாள் தெரியுமா? நீ வந்துவிடுவாய் என்பதால் பொட்டை எடுக்கக் கூடாது. வராமல் போய்விடலாம் என்பதால் வளைகாப்பில் யாருக்கும் வளையல் போடக் கூடாது. இரண்டையும் ஒரே வாய்கள்தான் சொல்லின. ஒரே நாளில்கூடச் சொன்னதுண்டு.

இப்போது அவள் தம்பி கார்த்திக்கு அடுத்த மாதம் கல்யாணம். இணைச்சீருக்கு அக்காளைக் கூறைப்புடவை கட்டி மணப்பெண் மாதிரி அலங்கரித்து, மாப்பிள்ளைப் பக்கத்தில் நிறுத்துவார்கள் அல்லவா? கார்த்திக்கு இருப்பது ஒரே அக்கா. அதைப் பேசத்தான் பெரியப்பா அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கவேலுவும் இருந்தான்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதே. சீருக்கு என்ற மக நிக்கட்டும். நீ முன்னால உக்காந்து கண்ணாரப் பாரு."

"ஏனுங்க பெரியப்பா?"

"பிளேன் கடல்ல உழுந்ததுதான் சாமி. வேற என்னத்த? நாளைக்கு ஒருத்தன் ஒரு பேச்சுப் பேசக் கூடாதல்ல?"

நான் குறுக்கிட்டேன். "கருமாதி பண்ணலாம்னு இவ கேட்டப்ப, கடல்ல உழுகவே இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"அது அப்பங்க."

"இப்ப?"

"இப்ப கல்யாணமுங்க."

தங்கவேலு இருமினான். "அப்ப கருமாதின்னா பறக்குது, கல்யாணம்னா உழுந்துருது. நல்ல பிளேனுங்க."

"நீ சும்மா இரப்பா. லாரியைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

மலர் டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அவரு செத்துட்டாருங்க பெரியப்பா."

நான்கு வருடத்தில் நம் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

"தீப்புடிச்சுதோ, கடத்துனாங்களோ, எனக்குத் தெரியாது. உசுரோட இருந்தா எனக்கு ஒரு போனு போடாம இருந்திருக்க மாட்டாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவரு செத்துட்டாரு. நான் கார்த்திக்கு அக்கா. சீரு நான்தான் செய்வேன். வேண்டாம்னா கார்த்தி சொல்லட்டும்."

கார்த்தி தன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொண்ணூட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்கா" என்றான். நீ தோளில் தூக்கிப்போய்த் தேர் காட்டிய பையன்.

அவர்கள் போனபிறகு தங்கவேலு மெதுவாக ஒரு வழி சொன்னான். "கல்யாணம் முடியற வரைக்கும் ஒண்ணும் பேசாம இருந்துக்கலாமுங்கக்கா. கருமாதியை அப்புறமா வெச்சுக்கலாம். இன்னும் ஒரு மாசம் செந்திலு தீவுலயே இருந்துட்டுப் போகட்டும், சீருக்கு ஆவுமல்ல?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கும் ஒரு கணம் சரி என்றுதான் பட்டது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலர் அவனைப் பார்த்தாள். "கருமாதியை மொதல்ல பண்ணீரலாமுங்க. நான் யாருன்னு தெரிஞ்சே என்னைக் கூப்பிடட்டும்."

எனக்குக் கோபம் பெரியப்பா மேல் மட்டும் இல்லை, சாமி. காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்கள் மேல், உன்னை வட்டமிட்டவன் மேல், கேட்டுச் சொல்கிறேன் என்ற கார்த்தி மேல். பைலட்டைத் திட்டினோம், ராணுவத்தைத் திட்டினோம். பக்கத்து அறையில் படுத்திருந்தவளை ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை படித்த நான் ஏன் கேட்கவில்லை? அதற்குக் கடலில் தேடிப் பயனில்லை.

கார்த்தி இன்னும் போன் செய்யவில்லை.

வருகிற அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போகிறோம். பங்காளி முறைக்குத் தங்கவேலு எல்லாம் செய்கிறான். என் தம்பி செத்துப்போனான் என்று ஐயரிடம் நானே வாய்விட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகு யார் வந்து தீவு, கடல் என்று ஆரம்பித்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவேன். மண்டபத்தில் மலரைக் கூப்பிட்டால், அவளுக்குக் கூறைப்புடவை கட்டிவிடுகிறவள் நான். கூப்பிடாவிட்டால், பந்திக்கு உட்காராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பார்க்க வெளியே வருகிறவளும் நான். இது உன் மேல் சத்தியம்.

நீ இனித் திரும்பி வரவேண்டாம், கண்ணு.

உன்னை நான்கு வருடம் சாகவிடாமல் வைத்திருந்த
உன் அக்கா
கோமதி