இரண்டாவது இன்ஜினுக்கு நான் போட்ட டிக்

தாயி,

இன்று காலை ஜெனரேட்டர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நின்று எழுத்துக் கூட்டினேன். "இரண்டாவது இன்ஜின் பழுது. கணக்கில் சேர்க்க வேண்டாம்." விரல் வைக்காமல், யாரையும் கேட்காமல் வாசித்துவிட்டேன். அறுபத்தாறு வயதில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் டீசல் வாடை மூக்கில் ஏறியது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் இதே கதவில் ஒட்டியிருந்ததும் இதே வார்த்தைகள்தான். அன்றைக்கு எனக்கு அவை வெறும் கோடுகள்.

ஆட்கள் இருந்தால் உன்னை "மேடம்" என்பேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் "தாயி". உள்ளே குளிரில் வரிசையாக நிற்கும் கணினிகளைக் கண்ணாடி வழியாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கேட்டேன்: "உக்காந்த எடத்துல நாள் முழுக்க எதைத் தாயி நகட்டிக்கிட்டே இருக்க?"

"அண்ணே, திருச்சி பஸ்சு கொட்டாம்பட்டில நின்னுபோச்சுன்னா என்ன செய்வாக?"

"பின்னாடி வர்ற பஸ்சுல ஏத்தி விடுவாக."

"அதே வேலைதான். மதுரை, சென்னை, மும்பைன்னு மூணு ஊரு கட்டடம்தான் நமக்கு மூணு பஸ்சு. ஒண்ணு நின்னா ஆளுகள மத்ததுல ஏத்தணும். ஆனா தூங்குற ஆளு முழிக்கக் கூடாது."

"மத்ததும் ரொம்பியிருந்தா?"

"அதுக்குத்தான் எதையும் ரொம்ப விடுறதில்ல. எப்பவும் கொஞ்சம் சீட்டு காலியா கெடக்கணும்."

"காலியா ஓட்டுனா மொதலாளி வைய மாட்டாரா?"

"தெனமும் வைறாருண்ணே."

ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருபது முப்பது பொய்க் கணினிகள் வாழ்கின்றன என்றாய். உடம்பு இல்லாததால்தான் அவற்றை நொடியில் ஊர்விட்டு ஊர் மாற்ற முடிகிறது, உடம்பு இருந்தால் லாரி பிடிக்க வேண்டும் என்றாய். நான் வாயில் வைத்த சோற்றோடு சிரித்தேன்.

நான் வாட்ச்மேன், என் வேலை சின்னது. காலையில் இரண்டு ஜெனரேட்டர்களையும் பார்த்து, டீசல் அளவு பார்த்து, தாளில் இரண்டு கட்டத்திலும் டிக் போட வேண்டும். கட்டங்கள் எந்த இடத்தில் இருக்கும் என்று மனதில் வைத்திருந்தேன். படிப்பு தேவைப்படவில்லை. போன வருஷம் அந்த நாள் கதவில் தாளைப் பார்த்தேன். பண்டிகை விடுமுறை அறிவிப்பு என்று நினைத்தேன். பார்வைக்கு இன்ஜின் இரண்டும் எப்போதும்போல்தான் நின்றன. இரண்டு டிக் போட்டேன்.

அன்று பார்த்துச் சென்னைக் கட்டடத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் ஏறியது. என் இரண்டு டிக்கை நம்பி நீ சென்னைக் கணினிகளின் வேலைப் பாரத்தில் பெரும்பகுதியை மதுரைக்கு மாற்றினாய். மத்தியானம் இங்கே கரண்ட் போனது. ஒரு இன்ஜின்தான் ஓடியது. அம்புட்டுப் பாரத்தையும் அது தாங்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் டோக்கன் போடும் செயலி அரை மணி நேரம் செத்துக் கிடந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் கிழவர்களும் எத்தனை ஊரில் வரிசையில் நின்றார்களோ.

ஓடி வந்தாய். "அண்ணே, கதவுல ஒட்டியிருந்தத வாசிக்கலையா?"

"லீவு விட்ட தாளுன்னு நெனச்சேன்" என்றேன்.

"வாசிக்கத் தெரியாதா?" உன் குரல் இறங்கிவிட்டது. "சரி. யாருகிட்டயும் சொல்லிக்கிறாதீக. வேலையில இருந்து தூக்கிருவாக."

விசாரணையின்போது நான் வாசலில்தான் நின்றேன். "டிக் போட்டது வாட்ச்மேன்தானே?" என்று மேனேஜர் கேட்டார். "நான்தான் போடச் சொன்னேன் சார். நேர்ல போய்ப் பாக்காதது என் தப்பு" என்றாய். கதவு திறந்துதான் இருந்தது. ஓரடி எடுத்து வைத்திருந்தால் உள்ளே போயிருக்கலாம். நான் போகவில்லை.

ஊருக்கு ஊர் பாரம் மாற்றும் வேலையை உன்னிடமிருந்து பிடுங்கி, அறிக்கை எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். நீ என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு மொத நோட்ட எங்கிட்டக் காட்டணும். இல்லாட்டி போட்டுக் குடுத்துருவேன், பாத்துக்கங்க" என்றாய்.

திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். நீ உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போனாய். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்; உள்ளே நடப்பதை வாட்ச்மேனிடம் யாரும் சொல்வதில்லை. முதல் நோட்டு நிறைந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உன் வீடு இருக்கும் செல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

அன்று என் கண்ணில் பட்டதெல்லாம் எழுத்து. டீக்கடை, தையல்கடை, தறிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நடந்தேன். உங்கள் சந்து முனையில் சுவரில் ஒரு போஸ்டர். அதிலிருந்த படத்தின் மேல் யாரோ கல்யாண வாழ்த்தை ஒட்டியிருந்தார்கள். எழுத்து மட்டும் மிச்சம். சத்தமாகக் கூட்டினேன். கண்-ணீர் அஞ்-சலி. கஷ்டமான சொல், வாசித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. அதே பெருமையோடு அடுத்த வரிக்குப் போனேன். மூன்று எழுத்து. கூட்டி முடித்தபோது அது உன் பெயராக இருந்தது.

உங்கள் வீட்டில் உன் அம்மா நாற்காலி போட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, குரல் உடையாமல் பேசினார்கள். "எம்புட்டு கவனமான புள்ள. அந்த ஒரு நாள் மட்டும் எப்படித் தவறுனாளோ. கடைசி வரைக்கும் எங்கிட்டக் காரணம் சொல்லல." நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வந்தேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

இன்று படியிலிருந்து எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். ஒரு தாள் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே எழுதினேன். "எனக்கு அன்று வாசிக்கத் தெரியாது. தெரியாமல் டிக் போட்டேன். மேடம் சொல்லிப் போடவில்லை." இதை எழுத அரை மணி நேரம் ஆனது.

"பழைய கதை. விடுங்க பெரியவரே" என்றார்.

"ஃபைல்ல வைங்க சார்" என்றேன். வைத்தார். வேலை இருக்குமா என்று நாளைக்குச் சொல்கிறாராம்.

அதே வரிகளை இன்னொரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போகிறேன். கையில் கொடுத்துவிட்டு வர மாட்டேன், உட்கார்ந்து நானே வாசிப்பேன். "மேடம்" என்று எழுதிய இடத்தில் உன் பெயரைச் சொல்வேன். மற்றச் சொற்களில் தடுமாறுவேன், தாயி. அந்த மூன்று எழுத்தில் தடுமாற மாட்டேன்.