குழாயின் மேல் ஏறாத லாரிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது என அப்பா சொல்ல, தங்கை எழுதுகிறேன். நலம் என்று சொல்லும்போதே அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அதையெல்லாம் எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்கப்பா, வாயால சொல்றத ஆராய்ச்சியில சேர்க்க முடியாது" என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அவர் முகம் சரியில்லை. பெற்ற மகளுக்கே மனுப் போடுவதா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். இன்று புதன்கிழமை, காலைச் சரக்கெல்லாம் இறங்கி முடிந்ததும் ஷெட் வாசல் ஜன்னலில் நான் பதிவேட்டோடு உட்காரும் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "எழுத்துதானே வேணும் அந்தப் பெரிய மனுஷிக்கு? எழுது" என்றார். அதனால் இதில் பாதி அவர் சொல்வது, மீதி நான் சொல்வது. எது யாருடையது என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய், கத்துவதெல்லாம் அவர்.

முதலில் நோட்டீஸ் விஷயம். நகராட்சி ஆள் வந்து ஷெட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நம் தெருவில் லாரி நின்று சரக்கு இறக்குகிற அந்த நாற்பது அடி இடத்தை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எடுத்துவிடுகிறார்களாம். சிமெண்டில் தொட்டி கட்டிச் செடி வைப்பார்களாம், பெஞ்சு போடுவார்களாம். உன் பல்கலைக்கழக ஆய்வில் ஆறு நாளில் பதினான்கு பெரிய வண்டிகள்தான் இந்தத் தெருவைக் கடந்திருக்கின்றன, அதனால் இவ்வளவு இடம் தேவையில்லை என்று காரணம் போட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடம் போனால் லாரி நிற்க முடியாது, லாரி நிற்காவிட்டால் ஷெட் இல்லை, ஷெட் இல்லாவிட்டால் அப்பாவோடு சேர்த்துப் பதினொரு பேருக்கு வேலை இல்லை. நோட்டீஸை நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். படிப்பதற்குக்கூட என் குரல் எழும்பவில்லை, இந்த டிவியை யாராவது மியூட்லேர்ந்து எடுங்கப்பா என்று வழக்கம்போலக் கிண்டல் செய்தார்கள். பதினான்கு என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூட்டை தூக்குகிற கட்டையண்ணன், "பதினாலு லாரிதான்னா எனக்கு ஏன், மேஸ்திரி, தோளு இப்படி வீங்கிக் கிடக்கு, கொசு கடிச்சுதா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, "வண்டி எண்ணுற மிஷின் ரிப்பேருடா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்போது அப்பா சொல்வது. போன வருடம் நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டிகளை லாரியாக அடுக்கி எங்களுக்கு விளக்கினாய், பெரிய லாரி எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு யார்டில் நின்றுவிடும், அங்கிருந்து சின்ன பேட்டரி வண்டிகள் சரக்கைக் கொண்டுவரும், புகையும் குறையும் நெரிசலும் குறையும், அதே இடம் காலையில் சரக்கு இறக்க, மத்தியானம் வண்டிக்குச் சார்ஜ் போட, சாயங்காலம் பெஞ்சை விரித்தால் மனிதர்கள் உட்கார, வேண்டும்போது மேலே வந்து வேண்டாதபோது தரைக்குள் இறங்கிவிடுகிற தடுப்புக் கம்பம் என்று. அப்பா அதை எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா. "காலைல வேலைக்காரன், சாயங்காலம் மைனர், ஒரே இடத்துக்கு ரெண்டு சட்டை, என் மக யோசனை" என்று டிரைவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். இப்போது நோட்டீஸில் பார்த்தால் மடக்கும் பெஞ்சும் இல்லை, இறங்கும் கம்பமும் இல்லை, எல்லாம் சிமெண்டு. "பெஞ்ச மட்டும் எடுத்துக்கிட்டு மடக்குறத விட்டுட்டானுங்க, இதுக்கா இவ கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் படிச்சா?" என்கிறார். போனில் நான் கேட்டதற்கு "எண்ணிக்கைன்னா எண்ணிக்கைதாம்ப்பா, நம்ம தெருன்னு நான் ஏத்தி எழுதினா என்னை வெளிய அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டாயே, ஏற்றியா எழுதச் சொன்னேன், உள்ளதை எழுதத்தானே சொன்னேன், மிஷின் மேல் இருக்கிற நம்பிக்கை அப்பன் மேல் இல்லையா என்று எழுதச் சொல்கிறார். உன் மிஷினுக்குக் கண்ணே இல்லை என்றும் எழுதச் சொல்கிறார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். மூலையில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியை நிறுத்தாமலே, "கண்ணில்லாத மிஷினை ஏங்க கண்ணு மாதிரிப் பாத்துக்கிட்டீங்க?" என்றாள். அப்பா சட்டென்று எழுந்தார். லாரி வந்திருக்கிறது, மிச்சத்தை நீயே எழுதி முடி, கடைசியில் ஆசீர்வாதம் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். லாரி எதுவும் வரவில்லை அக்கா.

இனி நான் எழுதுகிறேன். போன மாதக் கடைசியில் உன் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, தெருமுனையில் ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் இரண்டை ஆணி அடித்துப் பதித்து, விளக்குக் கம்பத்தில் ஒரு டப்பாவைச் சங்கிலியால் கட்டிவிட்டுப் போனார்கள். முந்தின நாள் நீ அப்பாவுக்குப் போன் பண்ணி, "எங்க சாமான் வருதுப்பா, ஒண்ணும் ஆகாம பாத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே இரண்டு மரப்பெட்டியைத் தெருமுனையில் போட்டு, அதன்மேல் சிவப்புத் துணியைக் கட்டி, வருகிற லாரியையெல்லாம் குழாய்க்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். இருபது டன் லாரி ஏறினால் குழாய் நசுங்காதா என்பது அவர் கணக்கு. "என் மகளோட மிஷினு, ஒருத்தன் ஏத்தினான், டயரை அவுத்துடுவேன்" என்று நின்றார். நெட்டை டிரைவர், "மேஸ்திரி, மாப்பிள்ளையைக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டீங்க போலிருக்கே" என்று கேலி செய்தார், அப்பாவுக்கு அது சந்தோஷம்தான். ஆறு நாளும் சரக்கு முழுவதையும் அங்கேயே இறக்கி, எண்பது அடி தோளிலும் டிராலியிலும் கொண்டுவந்தார்கள். குழாய் வந்ததும் டிராலியை நாலு பேர் சேர்ந்து தூக்கி, சக்கரம் படாமல் இந்தப் பக்கம் வைத்தார்கள். அப்பா இடுப்பும் கட்டையண்ணன் தோளும் அப்படித்தான் போயின. குப்பை வண்டிக்காரர் மட்டும் யார் பேச்சையும் கேட்கமாட்டார், அவர் மூன்று தடவை. தண்ணீர் லாரியை நிறுத்தினால் தெருவே சண்டைக்கு வரும், அது நான்கு தடவை. போக ஒன்று வர ஒன்று, கூட்டிப் பார், உன் பதினான்கு வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை டப்பாவின் மேல் ஒட்டியிருந்ததைப் போய்ப் படித்தேன். வாகனங்களை எண்ணுகிறோம், வழக்கம்போல ஓட்டுங்கள் என்று கடுகளவு எழுத்தில் இருந்தது. மறுநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன், அது மேல் வண்டி ஏறினால்தான் எண்ணுமாம் அப்பா என்று. "பெரியவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், ஒன்பதாவதோட நின்னவ" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன். உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம், செய்தி அனுப்பியிருக்கலாம், எதுவும் செய்யவில்லை. எனக்கு அப்பா மேல் இருக்கிற எரிச்சலைவிட என் மேல் இருக்கிற எரிச்சல்தான் அதிகம். உன் மேலும் இருக்கிறது, மறைப்பானேன். போனில் நீ அந்த வாரம் லாரி வந்ததா என்று கேட்டாய், அவர் வழக்கம்போல வந்தது என்றார், இரண்டு பேரும் உண்மைதான் பேசினீர்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எப்படி வந்தது, எங்கே நின்றது என்று நீ கேட்கவில்லை. குழாய் பதிக்க வந்த இரண்டு பேரும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போனார்கள், வருகிற ஒவ்வொரு லாரியின் நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு ஒருத்தி தினமும் இங்கே உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. அந்த ஆறு நாளில் வந்தவை நூற்று அறுபத்து மூன்று லாரிகள். அதில் நூற்றுப் பத்து காலை ஆறிலிருந்து பத்துக்குள் வந்துபோனவை. சாயங்காலம் அந்த இடம் சும்மாதான் கிடக்கிறது, நீ சொன்ன மடக்கு பெஞ்சு அதற்குச் சரியாகப் பொருந்தும். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது, உன் யோசனை சரி, அதை நம் வீட்டு ஆளே கெடுத்திருக்கிறார், உனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து.

இதை நீ உன் பேராசிரியரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தெருவின் கணக்கு கெட்டாலும் மொத்தத்தையும் திரும்ப எண்ண வேண்டும், ஆறு மாதம் போய்விடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கெடுத்தது யார் என்று கேட்டால் எங்கப்பா என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். லேசான காரியம் இல்லைதான். ஆனால் இங்கே பதினொரு பேரும் மிஷின் பழுது என்று நம்பிக்கொண்டு, மேஸ்திரி மகள் பார்த்துக்கொள்வாள் என்று சும்மா இருக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். போனில் சொல்லலாம் என்றால், எழுத்தில்தான் வேண்டும் என்பவள் நீ, போனே பண்ணாதே என்பவர் அவர். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேனாவைக் கடிப்பதுதான் என் வேலையாகிவிட்டது.

இவ்வளவும் எழுதி முடித்தபோது அப்பா வந்துவிட்டார். என்ன இவ்வளவு நீளம், படி என்றார். ஒன்றையும் விடாமல் படித்தேன். கடுகளவு எழுத்து என்ற இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "இவளுக்கு எப்பலேர்ந்துடி வாய் வந்துச்சு?" என்று கேட்டார். அம்மா, "எழுதுறதுக்கு வாய் எதுக்குங்க" என்றாள். எழுந்து நோட்டீஸ் ஒட்டிய சுவர் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "பெரியவளுக்குப் போகட்டும். அவகிட்ட ஒத்துக்கறதுல ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டேன். ஆனா அந்த நகராட்சி ஆபீசுல போய் நின்னு என்னால சொல்ல முடியாது, ஊரே சிரிக்கும்" என்றார். பேனாவை அழுத்திப் பிடித்து அவரே கையெழுத்துப் போட்டார், அதனால்தான் தாள் கிழிந்திருக்கிறது.

கடைசியாக அவர் சொல்லச் சொன்னவை. உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், போய்ச் சோதித்துக்கொள், தள்ளிப்போடாதே. காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே. கோபத்தில் அப்பா போனை வைத்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ நினைத்த படிப்பை முடித்து, நினைத்த இடத்தில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறார்கள். அடுத்த முறை குழாய் போடும்போது அதன்மேல் ஏற வேண்டுமா கூடாதா என்று முதலில் சொல்லிவிடு.

உன் அப்பா
(எழுதியவள், உன் தங்கை)

வியாழக்கிழமை, உறையை ஒட்டுவதற்கு முன்: அந்த ஆறு நாள் பதிவேட்டுப் பக்கங்களை நகல் எடுத்தேன். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொன்றை ஒரு மனுவோடு சேர்த்து எடுத்துக்கொண்டு காலையில் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "வெறும் லாரி நம்பரா இருக்கே. என்ன நடந்துச்சுன்னு வாயால சொல்லும்மா, சத்தமா" என்றார். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். சொன்னேன்.