பூஜ்யத்தை ஏற்க மறுத்த லிஃப்ட் குறித்து

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா,
(மென்பொருள் எழுதும் பணி)
இரண்டாம் தளம், பின்பக்க வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அதிகாரி அவர்கள்,
லிஃப்ட் பாதுகாப்புப் பிரிவு,
நான்காம் தளம்.

பொருள்: தையல்காரம்மா லிஃப்டில் சிக்கிய சம்பவம் – என் தம்பியின் உரிமத்தை ரத்து செய்யும் முன் லிஃப்டின் மென்பொருளைச் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பின் லிஃப்டைப் பராமரிப்பவன் என் தம்பி. சென்ற மாதம் மின்சாரம் நின்றபோது மூன்றாம் தளத்துத் தையல்காரம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். மூச்சிரைப்பு உள்ளவர். கதவை நெம்பித் திறந்து வெளியே தூக்கியபோது அவருக்கு நினைவில்லை. பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் தையல் மிஷினை மிதிக்க இன்னும் தெம்பு வரவில்லை. பேட்டரி செத்திருந்தது, மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை என்று லிஃப்ட் கம்பெனி தங்களுக்கு அறிக்கை கொடுத்திருக்கிறது. நாளை விசாரணை. அதுவரை அவன் எந்த லிஃப்டையும் தொடக் கூடாது என்று தங்கள் உத்தரவு. உரிமம் போய்விட்டால் என் தம்பிக்குப் பிழைக்க வேறு வழி கிடையாது.

2. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருவர், ஒன்று தம்பி, இன்னொன்று சந்தேகம் என்று எங்கள் அம்மா கேலி செய்வார். அதனால் முதலில் என் தம்பியைத்தான் சந்தேகித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் போய், உண்மையைச் சொல், பேட்டரியைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டேன். "நீயுமாக்கா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டில் கை கழுவி எழுந்து போனான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை ஐயா அவன். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

3. அதன்பின் தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருட்டுல பூஜ்யத்த அமுக்கிக்கிட்டே இருந்தேம்மா. லிஃப்டுல பேசுற அந்தப் பொம்பளக் குரலு, தளத்தைத் தேர்வு செய்யவும், தளத்தைத் தேர்வு செய்யவும்னு சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அமுக்கிட்டுத்தானடி இருக்கேன்னு அதுகிட்ட சண்டையே போட்டேன்." ஐயா அவர்கள் தயவுசெய்து இங்கே சற்று நிற்க வேண்டும். மின்சாரம் இல்லை. பேட்டரியும் செத்துவிட்டது என்றால், அந்தக் குரல் எதில் பேசியது?

4. எங்கள் லிஃப்டில் தரைத்தளத்தின் பொத்தான் பூஜ்யம். மின்சாரம் போனால் லிஃப்ட் பேட்டரியில் ஓட வேண்டும். உள்ளே இருப்பவர் அழுத்திய தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்க வேண்டும். இந்த அவசர வேலைக்கு மட்டும் கம்பெனி, வெளியார் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல்தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்துகிறது. எங்கள் தொழிலில் லைப்ரரி என்போம். அதன் பெயர் லிஃப்டோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் எடுத்துப் படித்தேன். அழுத்திய தளத்தின் எண் இருந்தால் அங்கே போ, இல்லாவிட்டால் தளத்தைத் தேர்வு செய்யச் சொல் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். அது எழுதப்பட்ட கணினி மொழியில் பூஜ்யமும் 'இல்லை' என்பதில்தான் சேரும். அந்த அம்மா பூஜ்யத்தை அழுத்த அழுத்த, ஒன்றுமே அழுத்தவில்லை என்றே லிஃப்ட் எடுத்துக்கொண்டது. ஒன்றை அழுத்தியிருந்தால் முதல் தளத்தில் கதவு திறந்திருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. அதே லைப்ரரியின் பழைய பதிப்பில் இது ஒழுங்காக இருந்தது. எண் வந்ததா, வந்த எண் எது என்று தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். புதிய பதிப்பில் யாரோ புத்திசாலித்தனமாகச் சுருக்கியிருக்கிறார். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் இதில் கூட்டோ என்று அதன் மூலநிரலையும் குடைந்தேன். கம்பைலர் மீது குற்றமில்லை. பூஜ்யத்தையும் இல்லை என்று கொள்ளப் போகிறாய், சம்மதமா என்று அது எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் லைப்ரரியில் அந்த வரிக்கு நேர் மேலே, இந்த எச்சரிக்கையைக் காட்டாதே என்று ஒரு கட்டளை. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சும்மா கத்துகிறது'. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் தையல்காரம்மா முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வரியை மட்டும் என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்ற எண்களுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது, பூஜ்யத்துக்குத் தளத்தைத் தேர்வு செய்யச் சொன்னது.

6. சம்பவம் நடந்த மறுநாளே கம்பெனி ஆட்கள் வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். செத்த பேட்டரி மேல் அப்படி என்ன அவசரம்? அடுத்த வாரம் மடிக்கணினியோடு ஒருவர் வந்தார். கேட்டதற்கு "சும்மா சர்வீஸ்தாம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்று அவர் எதை மாற்றினார் என்று இதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

7. கம்பெனி இதைச் சோதிக்கவே இல்லையா என்ற கேள்வி எழலாம். சோதித்திருப்பார்கள். அவர்களுடைய பரிசோதனைக் கூடத்து லிஃப்டின் படம் அதே கையேட்டில் இருக்கிறது. அதில் தரைத்தளத்துப் பொத்தானின் எண் ஒன்று. பூஜ்யம் என்ற பொத்தானே அங்கே கிடையாது. ஆகவே, தங்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டுகிறோம் என்று அவர்கள் அங்கே அழைத்தால், தயவுசெய்து போக வேண்டாம்.

8. எனவே, என் தம்பியின் உரிமத்தின் மீது எந்த முடிவும் எடுக்கும் முன், கழற்றிச் சென்ற பேட்டரியையும் மடிக்கணினிக்காரர் மாற்றியவற்றின் விவரத்தையும் கம்பெனியிடமிருந்து பெற வேண்டும். சம்பவத்தன்று இருந்த அதே மென்பொருளைத் திரும்ப ஏற்றி, எங்கள் லிஃப்டிலேயே, ஆள் யாரும் உள்ளே போகாமல், மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும். பூஜ்யத்தை அழுத்தும் வேலையை என் தம்பியிடம் விடக் கூடாது, கம்பெனி ஆளிடமும் விடக் கூடாது. தாங்களே வெளியாள் ஒருவரைக் கொண்டு, லிஃப்டுக்கு வெளியே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

9. இம்மனுவைக் கொடுக்க வந்தபோது தங்கள் அலுவலக லிஃப்டையும் பார்த்தேன். அதே கம்பெனி, பராமரிப்பும் என் தம்பிதான். கடைசிப் பொத்தான் பூஜ்யம். நான் படியேறித்தான் வந்தேன். ஐயா அவர்கள் மாலையில் வீடு திரும்பும்போது தாங்களும் படியிலேயே இறங்குவது நல்லது. முட்டி வலி என்றால் லிஃப்டில் ஒன்றை அழுத்தி, மீதி ஒரு தளத்தை நடந்து இறங்குங்கள். தாங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், திறந்துவிட வர வேண்டிய மெக்கானிக்கைத்தான் தாங்கள் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

தேதி: விசாரணைக்கு முந்தைய நாள்
இடம்: தங்கள் அலுவலக மாடிப்படி, நான்காம் தளம்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகப் படியிலேயே உட்கார்ந்திருக்கும்,
(கையொப்பம்)
மெக்கானிக்கின் அக்கா