நாண் ஏற்றுவதற்கு முன்

உப்பளம்,
புதுச்சேரி.
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரூமானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நூரீனும் நலம். பூனாவில் நீயும் நலமாக இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் வில்லின் கைப்பிடியிலேயே நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். முழுசாகப் படித்து முடிக்காமல் நாணைத் தொடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். குழம்பு கொதிப்பதற்குள் மூன்று தடவை உப்புப் பார்க்கிறவள் நீ. இந்த ஒரு தடவை மட்டும் பொறு.

நம்ம ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என் பக்கத்து லேத்தில் வேலை பார்க்கும் பலராமன், அவர் தம்பி வீட்டு விசேஷத்துக்கு நாளைக்குப் பூனா கிளம்புகிறார். உன் வில்வித்தை கேம்ப் வாசலில் பையைக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். பையில் இரண்டு வில் இருக்கும். ஒன்று உன்னுடையது, இன்னொன்று ஜோவிதாவுடையது. ஏன் இரண்டு என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நூரீன் கணக்குப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். தண்ணி மோட்டார் ரிப்பேராகி, சரி பண்ணிவிட்டேன். உன் ஸ்கூலிலிருந்து சுமலதா டீச்சர் வந்து, லீவை இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள். பி.டி. பீரியடில் பிள்ளைகள் உன்னைத்தான் கேட்கிறார்களாம். சுற்றி வளைக்கிறேன், எனக்கே தெரிகிறது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

வருகிற வியாழக்கிழமை செலக்‌ஷனுக்குக் கேம்ப் வில் தர மாட்டார்கள், சொந்த வில்லை அனுப்புங்கள் என்று நீ கேட்ட மறுநாளே அதை அலமாரி மேலிருந்து இறக்கினேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நாண் ஏற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து வைத்தால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நாண் இல்லாத அந்த வில்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையில் எடுக்கிறேன். ஏற்கெனவே வளைந்துதான் இருந்தது. அதே பக்கம் இன்னும் கொஞ்சம் வளைத்து நாணை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அதை எதிர்ப்பக்கம் திருப்பி வளைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ மொட்டை மாடியில் எத்தனையோ தடவை நாண் ஏற்றியிருக்கிறாய். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் மாடிக்கே வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவனுக்கு ஒரு குச்சி என்ன பெரிசு என்ற திமிர் வேறு. கைப்பிடிக்கு ஈரத்துணி சுற்றி, பின்கட்டு வைஸில் வைத்து இறுக்கி, பைப்பை வளைக்கிற மாதிரி வளைத்தேன். கீழ்ப்பாதியில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. உடனே விட்டுவிட்டேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குப் போன் கொடுப்பதே வாரத்தில் அரை மணி நேரம். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய், நூரீனும் பக்கத்திலேயே நின்றாள். போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வில்லை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடினேன். உன்னோடு பிராக்டிஸ் பண்ணுகிற ஜோவிதா அங்கே இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'இன்னா அண்ணே, வில்லப் போயி வைஸ்ல வெச்சீங்களா?' என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பஞ்சை எடுத்து வில் முழுக்கத் தடவிப் பார்த்தாள். கீழ்ப்பாதியில் ஒரே ஒரு இடத்தில் பஞ்சு இழை சிக்கியது. பழைய வார்னிஷ் கீறலாகவும் இருக்கலாம், உள்ளே விட்ட வெடிப்பாகவும் இருக்கலாமாம். கயிறு போட்டு நாண் ஏற்றி, மெதுவாகப் பல தடவை இழுத்துப் பார்த்தாள். சத்தம் இல்லை. ஆனாலும் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். நான் உன்னிடம் சொல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாளாம். அப்புறம் தன் வில்லை உறையோடு என் கையில் கொடுத்தாள்.

அதை வைத்து எய். அதன் இழுப்பு உன்னுடையதைவிடக் குறைவு, செலக்‌ஷனில் எய்ய வேண்டிய தூரத்துக்கு அம்பு போய்ச் சேருவதே கஷ்டம் என்று அவளும் சொன்னாள். தெரிந்துதான் கேட்கிறேன்.

கேட்காமல் உன் வில்லைத்தான் எடுப்பாய் என்றால், இதையாவது செய். இரண்டு முனையிலும் தோல் குப்பி வைத்த கயிறு பையில் இருக்கிறது. வில்லின் இரண்டு நுனியையும் அதில் நுழைத்து, கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு கைப்பிடியை மேலே தூக்கு, வளைந்ததும் நாணைத் தள்ளி மாட்டு. வழக்கம்போல இரண்டு காலுக்கும் நடுவில் கொடுத்துத் தொடையால் அழுத்தாதே, அப்படிச் செய்தால் நுனி திருகி நேரே முகத்துக்கு வருமாம். முகத்தைத் திருப்பி வைத்துக்கொள். பக்கத்தில் யாரையும் நிற்க விடாதே. இரண்டு நுனியிலும் நாண் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்காதே. கழற்றும்போதும் இதே கயிறுதான்.

இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சண்டையில், 'இந்த வில்ல ஒடச்சிப் போட்டாத்தான் நீ அடங்குவே' என்று கத்தினேன். நூரீன் கூட மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பேச்சு உனக்கு மறந்திருக்காது. முப்பத்தெட்டு வயசில் நீ செலக்ட் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தவனேதான், இன்றைக்கு நீ தோற்கிற வில்லை எடு என்று கெஞ்சுகிறான். யார் நம்புவார்கள்?

அல்லாஹ் அறிய, வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ரூமானா, அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'இனிமேல் வீட்டுக்கு வந்துவிடுவாள்' என்றுதான் தோன்றியது. ஒரு நொடிதான். அடுத்த நொடியே உன் முகத்துக்கு நேராக அந்த வில் தெறிப்பது மாதிரி கண்ணில் வந்துவிட்டது. அந்த ஒரு நொடிக்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், வில்லுக்காக மட்டும் இல்லை.

செலக்‌ஷன் முடியும் வரை இனிமேல் போன் தர மாட்டார்கள் என்றாயே, இதைப் படித்ததும் வார்டனிடம் கெஞ்சியாவது ஒரு போன் போடு. திட்டுவதற்காக என்றாலும் சரி. எந்த வில்லை எடுக்கப் போகிறாய் என்று தெரியாமல் வியாழக்கிழமை வரை என்னால் இருக்க முடியாது.

அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். நீ ஜெயிக்கவும் துஆ செய்கிறேன். இந்த துஆவை இந்த வாரம்தான் கேட்க ஆரம்பித்தேன். ஜெயித்து அடுத்த கேம்ப்புக்குப் போவதாக இருந்தால், உன் பெட்டியை நான் கட்டித் தருகிறேன்.

உன்,
கலீலுல்லா